60 ஜிபி பார்ட்டிஷனை நிரப்பிய சிஸ்லாக்: ஒரு நிகழ்வு ஆய்வு

உபுண்டு 22.04 ஓடும் ஒரு மடிக்கணினி. 256 ஜிபி எஸ்எஸ்டியில் பெரும்பகுதியை விண்டோஸ் வைத்துக்கொள்ள, லினக்ஸுக்கு மிஞ்சியது 60 ஜிபி. ரூட்டும் (இயங்குதளம் இருக்கும் இடம்) ஹோமும் (பயனரின் கோப்புகள் இருக்கும் இடம்) அந்த ஒரே பார்ட்டிஷனில்தான். உரிமையாளர் வீட்டிலிருந்தே அச்சுக்கோப்பு வேலை செய்பவர். கணினியை இரவில் அணைப்பதில்லை. பெரிய படக் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் என்பதால், உள்ளே இருக்கும் இடம் நிரம்புவதற்கு அவர் பக்கம் பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஆனாலும் நிரம்பியது. முதலில் அப்டேட் பாதியில் நின்று, இடமில்லை என்று செய்தி காட்டியது. அடுத்து ஆவணங்களைச் சேமிக்க முடியவில்லை. கடைசியாக, லாக்இன் திரையில் கடவுச்சொல்லைப் போட்டால் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி அதே லாக்இன் திரைக்கே வந்து நின்றது. கடவுச்சொல் சரிதான். டெஸ்க்டாப் தொடங்கும்போது ஹோம் கோப்பகத்தில் சில கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாததால் தொடங்கியவுடனே சரிந்துவிடுகிறது. லினக்ஸ் புதிதாகப் பழகுபவர்கள் இதைப் பார்த்துவிட்டு முழுசாக அழித்து மறுபடி நிறுவிவிடுவது வழக்கம். நல்லவேளை, இவர் அப்படிச் செய்யவில்லை.

இது முதல் முறையும் அல்ல. இதற்கு முன் ஒருமுறை நிரம்பியபோது, யாரோ சொன்னபடி /வார்/லாக் கோப்பகத்துக்குள் போய் சிஸ்லாக் கோப்பையும் (கணினியில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவு) கெர்ன்.லாக் கோப்பையும் (இயங்குதளத்தின் மையமான கெர்னலின் செய்திகளுக்கான பதிவு) ஆர்எம் கட்டளையால் அழித்திருக்கிறார். அழித்த பிறகும் இடம் வரவில்லை. வெறுத்துப்போய் ரீபூட் செய்ததும் இடம் வந்துவிட்டது. "நான் எதையுமே போடவில்லை சார், அதுவாகவே நிரம்புகிறது" என்றார் என்னிடம். அவர் சொன்னது அப்படியே உண்மை.

அழித்தும் இடம் வராததற்குக் காரணம் எளிது. யூனிக்ஸில் ஒரு கோப்பை அழிப்பது என்றால் கோப்பகத்திலிருந்து அதன் பெயரை எடுப்பதுதான். ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை டிஸ்க்கில் உள்ள பிளாக்குகள் விடுவிக்கப்படாது. சிஸ்லாகை எழுதும் ஆர்சிஸ்லாக் என்ற சேவை அதை எப்போதும் திறந்தே வைத்திருக்கும். ஆகவே எல்எஸ் கட்டளை கோப்பு இல்லை என்கிறது, டிஎஃப் கட்டளை டிஸ்க் நிரம்பியே இருக்கிறது என்கிறது. இப்படிப் பெயரிழந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்ற தேர்வோடு ஓட்டினால் பார்க்கலாம். ரீபூட்டில் ஆர்சிஸ்லாக் நின்றது, கோப்பு மூடப்பட்டது, இடம் திரும்பி வந்தது. அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்திருந்தாலே போதும்.

உள்ளே நுழைவது

வரைகலைத் திரை ஒத்துழைக்காதபோது கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் வெறும் எழுத்து முனையம் வரும். அதில் லாக்இன் ஆக முடிந்தது. டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியும் இது எப்படி முடிகிறது என்றால், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தொடக்கத்திலேயே 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கி வைத்துவிடுகிறது. 60 ஜிபியில் அது 3 ஜிபி. சாதாரணப் பயனருக்கு இடம் தீர்ந்த பிறகும் சுடோ போட்டு நிர்வாகி உரிமையோடு செய்யும் வேலைகளுக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும். டியூன்2எஃப்எஸ் கட்டளையால் இந்த ஒதுக்கீட்டைக் குறைத்து இடம் சம்பாதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தனியான தரவு டிஸ்க்குக்கு அது சரி. ரூட் பார்ட்டிஷனில் நான் அதைத் தொடமாட்டேன். இந்த மாதிரி நாளில் அந்த 3 ஜிபிதான் கைகொடுக்கிறது.

எது பெரியது என்று தேட டியூ கட்டளையை ரூட்டிலிருந்து ஓட்டினேன். அதோடு -எக்ஸ் தேர்வைச் சேர்ப்பது அவசியம். இல்லாவிட்டால் செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் விண்டோஸ் பார்ட்டிஷனையும் சேர்த்து அளந்து குழப்பும். முடிவு இப்படி வந்தது: இயங்குதளமும் நிரல்களும் 13 ஜிபி, ஹோம் 8 ஜிபி, /வார்/லாக் மட்டும் 36 ஜிபி. அதற்குள் சிஸ்லாக் 10, சிஸ்லாக்.1 (அதன் முந்தைய பிரதி) 6, கெர்ன்.லாக் 10, கெர்ன்.லாக்.1 6, ஜர்னல் (சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் தனிப் பதிவு) 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே.

இந்தக் கடைசி எண்ணை மறந்துவிட வேண்டாம். ஒரே செய்தி வெள்ளம், அதை எழுதியது ஜர்னல், ஆர்சிஸ்லாக் என்று இரண்டு பேர். ஒருவர் 4 ஜிபியில் நின்றுவிட்டார், மற்றவர் டிஸ்க் தீரும்வரை எழுதினார். இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வேறுபாடுதான்.

முதலில் பார்ப்பது, பிறகு வெட்டுவது

இந்த நிலையில் கை பரபரக்கும். ஆனால் கோப்பை வெட்டும் முன் அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிட வேண்டும். 10 ஜிபி கோப்பை எழுத்துத் திருத்தியில் திறப்பது தற்கொலை. ரேம் தீர்ந்து கணினி உறைந்துவிடும். டெயில் கட்டளையால் கடைசி 50 வரிகள், ஹெட் கட்டளையால் முதல் 50 வரிகள் பார்த்தால் போதும். பெரும்பாலும் அதிலேயே குற்றவாளி நிற்பான்.

எந்த வரி எத்தனை முறை என்று எண்ண வேண்டுமானால் கடைசி ஒரு லட்சம் வரிகளை எடுத்து, நேர முத்திரையை நீக்கி, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை வழியாக யூனிக்-சி கட்டளைக்கு அனுப்பலாம். முழுக் கோப்பையும் சார்ட்டுக்கு அனுப்பக் கூடாது. நினைவகத்தில் கொள்ளாததை அது /டெம்ப் கோப்பகத்தில் தற்காலிகமாக எழுதப் பார்க்கும். அங்கேதான் இடமே இல்லையே. மாதிரிக்குச் சில ஆயிரம் வரிகளை பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தப் படியைத் தவிர்த்தால், வெட்டிய பிறகு காரணம் தேட எதுவும் இருக்காது.

கோப்பு முழுக்க ஒரே நான்கு வரிகள், மறுபடி மறுபடி. கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பிசிஐஇ (பிசிஐ எக்ஸ்பிரஸ்) போர்ட்டுக்கான கெர்னல் டிரைவர் எழுதியவை. முதல் வரி, ஏஇஆர் (பிழைகளை அறிவிக்கும் வசதி) திருத்தப்பட்ட பிழை வந்தது என்கிறது. இரண்டாவது, பிசிஐஇ பஸ் பிழை, தீவிரம் திருத்தப்பட்டது, வகை பௌதிக அடுக்கு என்கிறது. மூன்றாவது, சாதன எண்ணும் நிலைக் குறியீடும். நான்காவது, ஆர்எக்ஸ்எர் என்ற பிழையின் பெயர். விநாடிக்குச் சுமார் 40 தடவை. நான்கு வரியும் சேர்ந்து 500 பைட் என்று வைத்தால் விநாடிக்கு 20 கேபி. கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்று பெருக்கினால் 1.7 ஜிபி. கெர்னல் செய்தி என்பதால் சிஸ்லாகிலும் எழுதப்படுகிறது, கெர்ன்.லாகிலும் எழுதப்படுகிறது, ஆக நாளொன்றுக்கு 3.5 ஜிபி. ஜர்னல் தனி. ஆறு நாளில் இரண்டு பத்து ஜிபி கோப்புகள் எப்படி வந்தன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இது இந்த ஒரு கணினிக்கு வந்த நோயும் அல்ல. 2015 வாக்கிலிருந்தே பல மடிக்கணினிகளில் இதே நான்கு வரிகள் டிஸ்க்கை நிரப்பியிருக்கின்றன. உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளத்தில் இதற்கென்று நீண்ட பிழை அறிக்கையே இருக்கிறது.

வாயில்காப்பாளர்கள் எங்கே போனார்கள்

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் லாக் கோப்புகளைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. இந்த வெள்ளம் மூன்றையும் தாண்டி வந்தது எப்படி?

முதலாவது, ஆர்சிஸ்லாகில் உள்ள திரும்ப வரும் செய்திகளைச் சுருக்கும் வசதி. ஒரே வரி தொடர்ந்து வந்தால் இத்தனை முறை வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடும். உபுண்டுவில் இது இயல்பாகவே இயங்கும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு வரிகளைத்தான் அது ஒப்பிடும். நம் வெள்ளத்தில் வருவதோ நான்கு வெவ்வேறு வரிகள் சுழற்சியாக. எந்த வரியும் தனக்கு முந்தைய வரியைப் போல இருப்பதில்லை. போதாக்குறைக்கு, கெர்னல் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பூட் ஆனதிலிருந்து கழிந்த நேரத்தை மைக்ரோ விநாடி வரை போடுகிறது. சுருக்கும் வசதிக்கு வேலையே கிடைக்கவில்லை.

இரண்டாவது, சிஸ்டம்டி ஜர்னலின் வேகக் கட்டுப்பாடு. 30 விநாடிக்குள் 10,000 செய்திகளுக்கு மேல் ஒரு சேவை அனுப்பினால் மிச்சத்தைக் கீழே போட்டுவிடும். டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியோ அதற்கேற்ப இந்த எண்ணை இன்னும் உயர்த்தியும் கொள்ளும். இது சேவைகளுக்கான விதி. கெர்னல் ஒரு சேவை அல்ல. அதோடு உபுண்டுவின் ஆர்சிஸ்லாக் கெர்னல் செய்திகளை ஜர்னலிடமிருந்து வாங்குவதில்லை, ஐஎம்கேலாக் என்ற தன் சொந்தத் தொகுதி வழியே நேராகவே படித்துக்கொள்கிறது. கணக்கும் அங்கே எட்டாது: விநாடிக்கு 160 வரி என்றால் 30 விநாடிக்கு 4,800. வரம்பின் பாதிகூட இல்லை. விநாடியில் பார்த்தால் சாது, வாரத்தில் பார்த்தால் பூதம். இந்த மாதிரி நிதானமான வெள்ளங்கள்தான் டெஸ்க்டாப்பைக் கவிழ்க்கின்றன என்பது என் அனுபவம். பயங்கர வேகத்தில் எழுதும் நிரல் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். இது ஒரு வாரம் கண்ணிலேயே படாமல் எழுதியது.

மூன்றாவது, லாக்ரொட்டேட். 1990களில் ரெட் ஹேட்டில் எரிக் ட்ரோனும் பிரஸ்டன் பிரௌனும் எழுதிய நிரல். இன்றுவரை ஏறத்தாழ எல்லா விநியோகங்களிலும் இருக்கிறது. பழைய கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கி, புதிதாக ஒன்றைத் தொடங்கி, பழையதைச் சுருக்கி, அதற்கும் பழையதை அழிக்கும். இதைத்தான் எல்லோரும் நம்பியிருக்கிறோம். இதன் இயல்பான அமைப்பைத் திறந்து பார்த்தால் நம்பிக்கை கொஞ்சம் குறையும். உபுண்டு 22.04இல் சிஸ்லாகுக்கான விதி: வாரம் ஒருமுறை சுழற்று, நான்கு பிரதிகள் வை. 20.04இல் சிஸ்லாக் மட்டும் தினம் ஒருமுறை, ஏழு பிரதிகள் என்று இருந்தது. இரண்டிலும் அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோப்பு 2 எம்பியா 20 ஜிபியா என்று லாக்ரொட்டேட் கேட்பதில்லை. நாள்காட்டியை மட்டும் பார்க்கிறது.

அதற்குள் இன்னொரு சிக்கல். சுழற்றிய உடனே சுருக்காமல் அடுத்த சுழற்சிவரை காத்திரு என்ற டிலேகம்ப்ரஸ் விதி அங்கே இருக்கிறது. சுழற்றிய பிறகும் சேவை சிறிது நேரம் பழைய கோப்பில் எழுதிக்கொண்டிருக்கலாம் என்பதற்கான முன்னெச்சரிக்கை அது. சாதாரண நாளில் நல்ல விதி. வெள்ளத்தில், சிஸ்லாக்.1 சுருங்காமல் முழு 6 ஜிபியாக ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே வரி லட்சக்கணக்கில் திரும்ப வரும் கோப்பு ஜிசிப்பில் சுருங்கினால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் சுருக்கும்போது புதிய கோப்பை எழுதி முடித்த பிறகே பழையது அழிக்கப்படும். டிஸ்க் முழுதாக நிரம்பிய பின் அதற்கும் இடமில்லை. சுழற்சியே தோல்வியில் முடியும். கதவைத் தாண்டி வெள்ளம் வந்த பிறகு கதவையும் மூட முடியாது என்ற நிலை.

ஜர்னல் ஏன் 4 ஜிபியில் நின்றது? அதன் வரம்பு பைட்டில் இருப்பதால். பார்ட்டிஷனின் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்பது அதன் இயல்பு அமைப்பு. டிஸ்க்கில் 15 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி, காலியாக விட முயல வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. நம் 60 ஜிபிக்கு 10 சதவீதம் என்றால் 6. ஆகவே 4இல் நின்றது. லென்னார்ட் போட்டரிங் 2011இல் ஜர்னலை முன்வைத்தபோது எழுந்த எதிர்ப்புகள் பல. பைனரி கோப்பு, டெக்ஸ்ட் கருவிகளால் படிக்க முடியாது என்பதெல்லாம் அதில் நியாயமான குறைகள். டிஸ்க்கை நிரப்பாது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கமே நான்.

அந்த ஒழுக்கத்துக்கும் விலை உண்டு. வரம்பு எட்டியதும் ஜர்னல் பழையதை அழித்துப் புதியதை எழுதுகிறது. வெள்ளம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களின் பதிவுகள் எதுவும் ஜர்னலில் மிஞ்சவில்லை. இது எப்போது தொடங்கியது, எந்த அப்டேட்டுக்குப் பிறகு என்று தேடினால் ஜர்னல் கைவிரித்தது. வீங்கிக் கிடந்த கோப்புகளும் அவர் முன்பே அழித்தவற்றுக்குப் பிறகு தோன்றியவைதானே. வரம்பு வைத்தால் டிஸ்க் பிழைக்கும், சாட்சி அழியும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இடம் மீட்டல்

சிஸ்லாக்.1, கெர்ன்.லாக்.1 இரண்டையும் நேராக அழிக்கலாம். சுழற்றிய பின் அவற்றை யாரும் திறந்து வைத்திருப்பதில்லை. 12 ஜிபி உடனே வந்தது. தற்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் இரண்டையும் ஆர்எம் செய்யாமல் ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்க வேண்டும். கோப்பு அங்கேயே இருக்கும், உள்ளடக்கம் மட்டும் போகும், இடம் அந்த நொடியே திரும்பும். ஆர்சிஸ்லாக் எப்போதும் கோப்பின் கடைசியில் சேர்க்கும் முறையில் எழுதுவதால் இது சிக்கலில்லாமல் நடக்கும். அப்படி எழுதாத நிரல்களின் லாகைப் பூஜ்யமாக்கினால், அந்த நிரல் தான் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். எல்எஸ் பழையபடி பெரிய எண்ணைக் காட்டும், டியூ சின்ன எண்ணைக் காட்டும். நடுவில் ஓட்டை உள்ள கோப்பு அது. பயப்பட ஒன்றுமில்லை, டியூ சொல்வதே உண்மை.

ஜர்னலைக் குறைக்க ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு வேக்யூம்-சைஸ் தேர்வு உண்டு. முதலில் ரொட்டேட் தேர்வோடு ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். வேக்யூம் என்பது மூடி ஒதுக்கப்பட்ட கோப்புகளை மட்டும்தான் அழிக்கும், எழுதிக்கொண்டிருப்பதைத் தொடாது. நான் 200 எம்பி என்று கொடுத்தேன். டெஸ்க்டாப் எழுந்தது, அவர் முகம் தெளிந்தது. நோய் அப்படியே இருந்தது; சிஸ்லாக் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது.

நான்கு வரிகளின் பின்னால்

எல்எஸ்பிசிஐ கட்டளையை மர வடிவில் ஓட்டினால், புகார் சொல்லும் போர்ட்டின் கீழே எந்தச் சாதனம் தொங்குகிறது என்று தெரியும். இங்கே வைஃபை கார்டு. வைஃபை நன்றாகவே வேலை செய்கிறது என்பதுதான் வேடிக்கை. செய்தியிலேயே பதில் இருக்கிறது: திருத்தப்பட்ட பிழை. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஒரு பொட்டலம் சிதைந்து வந்தால் வன்பொருளே அதை மறுபடி அனுப்பவைத்துச் சரிசெய்துவிடும். தரவு எதுவும் தொலையவில்லை. ஏஇஆர் என்பது நடந்ததைக் கெர்னலுக்குத் தெரிவிக்கும் வசதி மட்டுமே. சர்வரில் இதன் மதிப்பு பெரிது. அழியப்போகும் ஒரு கார்டை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். வைஃபை கார்டு ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் தும்முவதை விநாடிக்கு 40 தடவை எழுதிவைப்பதில் டெஸ்க்டாப்புக்கு என்ன லாபம்?

கண் விழிக்கும்போது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் மிச்சப்படுத்த ஏஎஸ்பிஎம் என்ற ஏற்பாடு இணைப்பை அடிக்கடி உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்புகிறது. அப்படி மாறும் தருணங்களில் சில கார்டு-போர்ட் சேர்க்கைகள் தடுமாறுகின்றன. பௌதிக அடுக்கில் வரும் ஆர்எக்ஸ்எர் பிழைகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

இணையத்தில் இதற்கு மூன்று மருந்துகள் சுற்றுகின்றன. மூன்றும் கெர்னலுக்கு பூட் நேரத்தில் கொடுக்கும் அளவுருக்கள். பிசிஐ=நோஏஇஆர் என்பது புகார்ப் பெட்டியை மூடுவது. பிழை நடக்கும், எழுதப்படாது. பிசிஐ=நோஎம்எஸ்ஐ என்பது எல்லாச் சாதனங்களையும் பழைய இன்டரப்ட் முறைக்குத் தள்ளுவது; ஏஇஆர் செய்தி வருவது நிற்கலாம், அதற்காக எஸ்எஸ்டி உட்பட மொத்தக் கணினியும் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு கார்டின் தும்மலுக்கு இது ரொம்ப அதிகம். ஏனோ இதைத்தான் நிறையப் பேர் முதலில் பரிந்துரைக்கிறார்கள். மூன்றாவது பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்.

மூன்றாவதை உரிமையாளர் ஏற்கெனவே கிரப் (கெர்னலை பூட் செய்யும் நிரல்) அமைப்பில் போட்டிருந்தார். பலனில்லை என்றும் சொன்னார். காரணம் கெர்னல் ஆவணத்திலேயே இருக்கிறது: அந்த ஆஃப் ஏஎஸ்பிஎம்மை அணைப்பதில்லை. கெர்னல் அதில் கை வைக்காது, பயாஸ் எப்படி வைத்ததோ அப்படியே விட்டுவிடும் என்பதுதான் அதன் செயல். பயாஸ் இயக்கி வைத்திருந்தால் இயங்கிக்கொண்டே இருக்கும். எல்எஸ்பிசிஐ-யை -விவி தேர்வோடு சுடோவில் ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கார்டுக்கு ஏஎஸ்பிஎம் எல்1 இயக்கத்தில் இருப்பதாகவே காட்டியது.

உண்மையில் அணைக்க வேண்டுமானால் கொள்கையை மாற்ற வேண்டும். பழைய அளவுருவை எடுத்துவிட்டு ரீபூட் செய்து, /சிஸ் கோப்பகத்தின் கீழே பிசிஐஇ_ஏஎஸ்பிஎம் தொகுதியின் பாலிசி கோப்பில் பெர்ஃபார்மன்ஸ் என்று எழுதினேன். இது ஓடும் கணினியிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை. பிடிக்கவில்லையென்றால் ரீபூட்டில் போய்விடும். பழைய ஆஃப் அளவுரு இருக்கும்வரை கெர்னல் இந்த எழுத்தை ஏற்காது, அதனால்தான் முதலில் அதை எடுத்தது. எழுதிய கணத்தில் டெயில்-எஃப் ஓடிக்கொண்டிருந்த ஜன்னல் நின்றது. புது வரி இல்லை. எல்எஸ்பிசிஐயும் இப்போது ஏஎஸ்பிஎம் அணைந்திருப்பதாகச் சொன்னது. அப்புறம் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்.பாலிசி=பெர்ஃபார்மன்ஸ் என்பதை /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் சேர்த்து அப்டேட்-கிரப் ஓட்டினால் நிரந்தரம்.

பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் கணினி என்பதால் அவருக்கு அது பொருட்டில்லை. ரயிலில் வேலை செய்பவராக இருந்திருந்தால் நோஏஇஆர் பக்கம் சாய்ந்திருப்பேன்.

எஸ்எஸ்டி தேய்ந்துபோயிருக்குமோ என்று கேட்டார். நாளொன்றுக்கு ஜர்னலையும் சேர்த்து 5 ஜிபி என்றே வைத்தாலும் வருடத்துக்கு 2 டிபிக்கும் கீழே. இந்த அளவு எஸ்எஸ்டிகள் பல பத்து டிபி எழுத்தைத் தாங்கும். அந்தக் கவலை வேண்டாம்.

அளவால் வரம்பு

காரணம் தீர்ந்தாலும் வரம்பு வைத்தே ஆக வேண்டும். அடுத்த வெள்ளம் வேறு எங்கிருந்தோ வரும்.

லாக்ரொட்டேட்டின் ஆர்சிஸ்லாக் விதியில் மேக்ஸ்சைஸ் 200எம் என்று ஒரு வரி சேர்த்தேன். சைஸ் என்றும் ஒரு விதி உண்டு. அது கால அளவைப் புறக்கணித்துவிட்டு அளவை மட்டும் பார்க்கும். மேக்ஸ்சைஸ் வாரம் ஆனாலும் சுழற்றும், அதற்குள் 200 எம்பி தாண்டினாலும் சுழற்றும். டெஸ்க்டாப்புக்கு இதுவே பொருத்தம். ஆனால் இந்த வரியை மட்டும் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். லாக்ரொட்டேட் எந்நேரமும் காவல் காக்கும் சேவை அல்ல. நாளுக்கு ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும் நிரல். அது தூங்கும் 24 மணி நேரத்தில் கோப்பு எவ்வளவு வளர்ந்தாலும் மேக்ஸ்சைஸ் என்ற வரிக்குத் தெரியாது.

ஆகவே சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாக லாக்ரொட்டேட்.டைமரைத் திறந்து, ஆன்காலண்டர் என்பதை முதலில் வெற்றாக ஒருமுறை எழுதி, அடுத்த வரியில் ஹவர்லி என்று கொடுத்தேன். வெற்று வரி இல்லாவிட்டால் பழைய டெய்லியும் சேர்ந்தே இருக்கும். இயல்பு டைமரில் அக்யுரசிசெக் 1 மணி என்று இருக்கிறது; ஓடும் நேரம் ஒரு மணி வரை தள்ளிப்போகலாம் என்று அர்த்தம். அதை 1 நிமிடமாக்கினேன். பெர்சிஸ்டென்ட் என்பதை அப்படியே விட்டேன். கணினி அணைந்திருந்தபோது தவறிய முறையை, எழுந்ததும் ஓட்ட அது வேண்டும்.

பழைய வெள்ளமே திரும்ப வந்தாலும் மணிக்கு 72 எம்பி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும். பத்து மடங்கு வந்தால் மணிக்கு 720 எம்பி, சுருங்காத .1 கோப்பையும் சேர்த்தால் ஒன்றரை ஜிபி, சுருங்கிய பிரதிகள் அற்பம். டிஸ்க் கவிழாது. நான்கு பிரதிகள் என்பது அப்போது ஒரு மாத வரலாறாக இல்லாமல் சில மணி நேர வரலாறாகச் சுருங்கும் என்பது தெரிந்தே கொடுத்த விலை.

கெர்ன்.லாக் தேவையா என்று யோசித்தால், தேவையில்லை. அதில் இருப்பது எல்லாம் சிஸ்லாகிலும் இருக்கிறது, ஜர்னலிலும் இருக்கிறது. /இடிசி/ஆர்சிஸ்லாக்.டி கோப்பகத்தின் 50-டிஃபால்ட்.கான்ஃப் கோப்பில் கெர்ன் என்று தொடங்கும் வரியின் முன்னால் ஒரு # குறி போட்டு முடக்கினேன். ஜர்னலுக்கு சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=500எம்.

இதற்கும் மேலே ஒரு படி போகலாம்: ஆர்சிஸ்லாகையே எடுத்துவிடுவது. டெபியன் 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதை இயல்பாக நிறுவுவதில்லை. ஃபெடோரா பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த முடிவுக்கு வந்துவிட்டது. தனி ஒருவர் பயன்படுத்தும் டெஸ்க்டாப்பில் இரண்டு பதிவாளர்கள் ஒரே செய்தியை எழுதுவதற்கு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இங்கே விட்டுவைத்தேன். ஏதாவது என்றால் சிஸ்லாக் கோப்பைத் திறந்து பார்க்க அவர் இதற்குள் பழகிவிட்டார். ஜர்னல்சிடிஎல் அவருக்கு இன்னும் கைவரவில்லை.

லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றில் இதே நோய் இன்னொரு இடத்தில் வரும்: ஹோமில் மறைந்திருக்கும் .எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பு. வரைகலை நிரல்களின் முணுமுணுப்பெல்லாம் அதில் சேரும். லாக்ரொட்டேட் அந்தப் பக்கமே போவதில்லை. லாக்இன் செய்யும்போது மட்டும் பழையது ஒதுக்கப்படும் அல்லது வெட்டப்படும். லாக்அவுட்டே செய்யாமல் சஸ்பெண்ட் மட்டும் செய்துகொண்டிருப்பவர்களுக்கு அது எல்லையில்லாமல் வளரும். டாக்கர் வைத்திருப்பவர்கள் அதன் ஜேசன் லாகுகளையும் பார்க்க வேண்டும்; அங்கேயும் இயல்பாக அளவு வரம்பு இல்லை.

2025இல் வந்த 6.16 கெர்னலில் திருத்தப்பட்ட ஏஇஆர் பிழைகளுக்குக் கெர்னலே வேகக் கட்டுப்பாடு வைத்துவிட்டது. இந்த மடிக்கணினி அந்தக் கெர்னலுக்கு மாறும்போது ஏஎஸ்பிஎம் கொள்கையைத் திரும்ப இயல்புக்குக் கொண்டுவந்து, ஜர்னல்சிடிஎல்-ஐ -கே தேர்வோடு ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மேக்ஸ்சைஸ் வரியை மட்டும் எந்தக் கெர்னல் வந்தாலும் எடுக்க வேண்டாம் என்றும்.